இடது என்று சொல்லத் தெரியாத பலகை

ருக்ஸானா, சிங்கப்பூரின் தேக்காவில் கைலிக் கடை வைத்திருந்த சாகுல் ஹமீதின் மூன்றாவது மகள். பிறந்தது 1983. உம்ரா பயண நிறுவனம் ஒன்றில் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. கணவர் ரஃபீக் பேருந்து ஓட்டுகிறார். வீடு சுவா சூ காங் வட்டாரத்தில், ஒன்பதாம் மாடி. ஒரே மகள் ஹனீனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வீட்டில் பேசுவது தமிழ். 2022இல் அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழே, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடவென்று ஒரு திடல் திறக்கப்பட்டது. இதுவரை சொன்னவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். இனி வருவது ருக்ஸானாவுக்கு இன்றும் ஆறாதது.

திடலின் நடுவே ஒரு பேசும் பலகை. வலப்புறம் ஒரு தட்டு, இடப்புறம் ஒரு தட்டு. எந்தப் பக்கம் விளக்கு எரிகிறதோ அந்தப் பக்கத்தைத் தட்ட வேண்டும். பார்வையில்லாத பிள்ளைக்குக் குரல் பக்கத்தைச் சொல்லும். நான்கு மொழிகளுக்கு நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் பிரெயில். மற்ற பிள்ளைகளோடு சரிசமமாக நின்று ஹனீன் ஆடக்கூடிய முதல் விளையாட்டு அது. ருக்ஸானா பெருமையோடு, "தமிழ அமுக்கு புள்ள" என்றாள்.

ஹனீன் அமுக்கினாள். பலகை கணீரென்று சொன்னது: "போய்விட்டார்கள்."

பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. "யாரு போயிட்டா?"

"சரி" என்றது பலகை. உடனே மறுபடியும், "போய்விட்டார்கள்."

சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இரண்டு பேர் சறுக்குமரத்துக்கு ஓடினார்கள். ஓடும் காலடிகளைக் கேட்ட ஹனீன், பலகை சொன்னது உண்மைதான் என்று நம்பிவிட்டாள். "உம்மா! நீங்களும் போயிட்டீங்களா?" என்று அவள் இரு கைகளாலும் காற்றைத் துழாவியதை ருக்ஸானா பார்த்தாள். பெஞ்சிலிருந்து நாலே எட்டில் போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் பிள்ளை அழுத பிறகுதான் சேர்ந்தாள்.

என்ன நடந்தது என்று அன்றிரவே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் 'லெஃப்ட்' என்றால் இடதும் ஆகும், போய்விட்டதும் ஆகும். 'ரைட்' என்றால் வலதும் ஆகும், சரியும் ஆகும். பலகை செய்தவர்கள் இரண்டு இடத்திலும் தவறான பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

புகார் கொடுத்ததும் நிறுவனத்திலிருந்து தாரணி என்ற பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான்.

"சாஃப்ட்வேர் ட்ரான்ஸ்லேட் பண்ணது லா, அக்கா."

"யாரும் காதால கேட்கலையா?"

"செக் பண்ணாங்களே. வால்யூம் ஓகேன்னு ரிப்போர்ட் இருக்கு."

"வால்யூமா!" ருக்ஸானாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பேசறது தப்பா இருந்தாலும் சத்தமாப் பேசுனா போதுமா?"

"இங்கிலீஷ்ல விளையாடட்டுமே அக்கா. பாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும்ல?"

"அவளுக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும். உங்க பலகைக்குத்தான் தமிழ் தெரியல. ரெண்டே ரெண்டு வார்த்தை. நானே பேசித் தரேன், இப்பவே ரெக்கார்ட் பண்ணிக்குங்க."

"வாய்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், அக்கா." தாரணி கையிலிருந்த திரையைக் காட்டினாள். எந்தப் பொத்தானை எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று பலகையே கணக்கு வைத்திருந்தது. தமிழின் கோடு தரையோடு ஒட்டிக் கிடந்தது. "யூசேஜ் ரொம்பக் கம்மி. அதான் இதுக்குச் செலவு பண்ண மேலிடத்துல யோசிக்கிறாங்க."

"தொட்டா 'எல்லாரும் போயிட்டாங்க'ன்னு பயமுறுத்துது. எந்தப் புள்ளம்மா ரெண்டாவது தடவ அமுக்கும்?"

தாரணி திரையை அணைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது: 'தமிழ்க் குரலில் இருந்த பிழை முற்றிலும் நீக்கப்பட்டது.' அடக்க முடியாத மகிழ்ச்சியோடு ருக்ஸானா மகளைக் கீழே அழைத்துப் போனாள். ஹனீன் விரலால் தடவித் தமிழைக் கண்டுபிடித்தாள். அமுக்கினாள். சத்தமே இல்லை. இன்னொரு முறை, அழுத்தி அமுக்கினாள். பிழையை நீக்கச் சொன்னதற்குக் குரலையே நீக்கியிருந்தார்கள். மற்ற மூன்று மொழிகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

"இப்ப தமிழே போயிடுச்சா, உம்மா?"

ருக்ஸானா மறுபடியும் புகார் எழுதினாள். மறுபடியும் எழுதினாள். ஒவ்வொரு முறையும், பிழை ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டதாகவே பதில் வருகிறது. பொத்தான் மட்டும் பிரெயில் எழுத்தோடு அங்கேயே இருக்கிறது.

அன்று ஹனீனுக்கு ஏழு வயது. இப்போது பத்து.