ஆவாத பேச்சு

எங்கள் வீட்டில் ‘ஆவாது’ என்று ஒரு சொல் உண்டு. ஆகாது என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணறு ஆவாது. உச்சி வெயிலில் வயசுப் பெண்கள் ஏரிக்கரைப் பக்கம் போனால் ஆவாது. ஏன் என்று கேட்டாலும் ஆவாது. நான் பெரியவளானபோது அந்தச் சொல் என் உடம்புக்கும் வந்து சேர்ந்தது. “வயித்துக்குக் கீழ நடக்கறத ஆம்பளைங்க காதுல விழற மாதிரி பேசினா ஆவாதுடி” என்று அம்மாதான் சொன்னாள். மாதவிலக்கை ‘தூரம்’ என்போம். அதையும் குரலைத் தாழ்த்தித்தான்.

கல்யாணமாகி ஒதியம்பட்டுக்கு வந்து வெகுகாலம் கழித்து, ஒரு பொங்கலுக்குப் பண்டசோழநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். படையல் போடும்போது அம்மா சாமி அறைக்கு வெளியே சுவரோரமாக நின்றாள். விளக்கை அண்ணி ஏற்றினாள்.

“அத்தைக்கு முட்டி வலியாம். ஆடியிலேருந்து நான்தான் ஏத்தறேன்” என்றாள்.

முட்டி வலிக்காரி நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

மத்தியானம் தோட்டத்துக் குழாயடியில் அவள் தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். பக்கெட் தண்ணீர் சிவந்திருந்தது.

“இன்னாம்மா இது?”

“ஒண்ணுமில்லடி. போ.”

“உனக்குத்தான் நின்னு எத்தினியோ வருஷமாச்சே?”

குழாயை மூடாமல், தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே சொன்னாள். “மறுபடியும் வருது. ஆடியிலேருந்து வுட்டு வுட்டு வருது. அதான் சாமிகிட்டப் போறதில்ல. உங்கப்பாகிட்ட சொல்லிடாத. ஆவாது.”

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அப்பாவும் அண்ணனும் டாக்டர் அறைக்குள்ளேயே வந்து நின்றார்கள். டாக்டர் ஒரு பெண். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு அம்மா, “முட்டி வலிங்க” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஆண்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

கர்ப்பப்பை வாயில் புற்று. உள்ளே பரவிவிட்டது. “முதல்ல ரத்தம் பட்டப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா?” என்றார் டாக்டர். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். சித்திரையில் போய்விட்டாள்.

கருமாதி அன்று வந்தவர்களிடம் அப்பா, “வயித்துல கட்டி” என்றார். அண்ணன் அல்சர் என்றான். பெரியம்மா என்னிடம், “நல்லா இருந்தவளுக்கு இன்னாடி ஆச்சு?” என்று கேட்டாள்.

“கர்ப்பப்பை வாயில புத்து, பெரிம்மா. மாசக்கணக்கா ரத்தம் போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம துணி வச்சி மறைச்சிருக்கா.”

பந்தலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். “நாலு பேரு கூடற எடத்துல இன்னா பேச்சு பேசற? செத்தவ மானத்த வாங்கறியா?”

“மானம் மானம்னுதான் அவ செத்தா” என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனான். “இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத.” அப்பா தலையைத் தூக்கவே இல்லை. தினம் விளக்கேற்றிய மனைவி மாதக்கணக்கில் ஏன் சாமி அறைக்குள் போகவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சில மாதம் கழித்து அண்ணி போன் செய்தாள். “எனக்கும் ஒருவாட்டி பாத்துடலாமா?” என்றாள், மெதுவாக. மதகடிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். கூட்டிப் போய்ப் பரிசோதனை செய்தோம். பிறகு ரிசல்ட் வாங்கப் போனபோது ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மதகடிப்பட்டில் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒன்று வாங்கினாள்.

“கண்ணு காட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். வெறுங்கையோட போனா உங்கண்ணன் கேப்பாரு.”

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மருந்தைப் பையில், மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.