ஆடியில் எடுத்த கிறிஸ்துமஸ் துணி

எங்கள் வீட்டில் ஒரு வருடம் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் அம்மா. காரணம் அப்பா.

அதற்கு முந்தைய டிசம்பரில், பண்டிகைக்கு முதல் நாள், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு குன்னூர் கடைவீதிக்குப் போனார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அவர் கையில் அன்று கொஞ்சம் காசு இருந்தது. கடைவீதி முழுக்க நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா இளகிய மனசுக்காரர். கடைக்காரர் ஒரு பொருளை மெனக்கெட்டு எடுத்துக் காட்டிய பிறகு வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு நோகும் என்று நினைப்பவர். நாங்கள் திரும்பி வந்தபோது எங்களோடு நிறம் மாறும் நட்சத்திரமும் பிளாஸ்டிக் மரமும் யாருக்கும் அளவு பொருந்தாத துணிகளும் மூன்றடுக்கு கேக்கும் வந்தன. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கேக்குக்குக் கிடைத்தது.

பொங்கலுக்குள் அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. காது தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு அம்மா கொழுந்து பறிக்கப் போனார். அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அம்மா தலைசீவக் கண்ணாடி முன்னால் போய் நின்றால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வேனிற்காலத்தில் கம்மல் திரும்பி வந்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: “இந்த வருசம் டிசம்பர்ல யாரும் கடைப்பக்கமே போகக்கூடாதுங்க. நான் முன்னாடியே எடுத்து வெச்சிடறேன்.”

அப்படித்தான் ஆடித் தள்ளுபடிக்கு நானும் அம்மாவும் மேட்டுப்பாளையம் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். பர்லியாறில் பஸ் நின்றபோது மங்குஸ்தான் பழம் விற்றார்கள். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன்.

“ஊட்டை விட்டுக் கிளம்பறப்ப இது வேணும்னு நினைச்சோமா?”

“இல்லைங்கம்மா.”

“அப்ப வேண்டாம்.”

அம்மாவின் சட்டம் அவ்வளவுதான். அன்று முழுவதும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கு எரியும் செருப்புக்குக் கேட்டார், கரடிப் பொம்மைக்குக் கேட்டார், இளநீருக்கும் கேட்டார். ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தோம். பிறகு வெளியே வந்து, கொண்டுபோன தயிர்சாதத்தை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன் பிறகுதான் வாங்குவதற்காக உள்ளே போனோம். வயிறு காலியாக இருந்தால் கண் அலையும் என்பது அம்மாவின் எண்ணம்.

கிறிஸ்துமஸுக்கு என்று சொன்னதும் கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். “இன்னும் தீபாவளியே வரலீங்களே” என்றான். அம்மா அவனைச் சட்டை செய்யவில்லை. அப்பாவுக்கு நீலச் சட்டை எடுத்தார். தனக்கு ஒரு நூல்சேலை எடுத்தார். எனக்கு ஒரு சிவப்பு ஃப்ராக். டிசம்பருக்குள் நான் வளர்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு எடுத்ததால் அதற்குள் என்னைப் போல இன்னொருத்தியும் புகுந்துகொள்ளலாம். இந்த மூன்றுக்கும் அதிக நேரம் ஆகவில்லை. நேரமானது அக்காவின் சுடிதாருக்குத்தான்.

அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த ஜூன் மாதம்தான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தங்குவது கடையின் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் ஃபோனில் பேசுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதற்குள் பின்னால் நிற்கும் பெண் அவசரப்படுத்துவாள்.

அம்மா சுடிதார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கே நின்ற விற்பனைப் பெண்ணைப் பார்த்தார். அக்கா உயரம்தான் அவளும்.

“கொஞ்சம் நேரா நில்லு சாமி” என்று சொல்லி அவள் தோளில் வைத்து அளவு பார்த்தார். அளவு பார்த்து முடிந்தும் கையை எடுக்கவில்லை. “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“மூணு மணிக்குத்தாங்க எங்களுக்கு.”

“உக்காரவே விடமாட்டாங்களா?”

அந்தப் பெண் சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சுடிதார் அம்மா நினைத்துக்கொண்டு வந்த விலையைவிடக் கூடுதல். அம்மா அதைத் திரும்ப வைக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மங்குஸ்தானை நினைத்துக் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

துணிகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குள் போயின. எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் அம்மா அவற்றை வெளியே எடுத்து ஜன்னலோரம் காயவைப்பார். அந்த நேரத்தில் மட்டும் நான் ஃப்ராக்கைத் தொட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்க்கக் கூடாது. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா இருந்துவிட்டார். டிசம்பர் வந்தபோது அம்மா நடையிலேயே ஒரு நிம்மதி தெரிந்தது. எஸ்டேட் லைன் வீடுகளில் மற்றப் பெண்கள் எல்லோரும் துணி எடுக்க ஓடிக்கொண்டிருக்க, அம்மா வாசலில் உட்கார்ந்து பொறுமையாகக் கீரை ஆய்ந்தார்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் அக்கா வந்தாள். தோளில் ஒரு பை, இரண்டு கையிலும் இரண்டு பை. ஆறு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். செருப்பைக் கழற்றியபோது பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா குனிந்து அதைப் பார்ப்பதற்குள் அவள் பைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் அப்பாவுக்கு ஒரு சட்டை. அப்பா போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டார். அடுத்து அம்மாவுக்கு ஒரு பட்டு. அதன் ஜரிகையை அம்மா விரலால் தடவிப் பார்த்தார். கடைசியாக எனக்கு ரோஸ் நிறத்தில், வலை வலையாகத் தொங்கும் ஒரு ஃப்ராக்.

“கடையில வேலை செய்யறவங்களுக்கு விலை குறைச்சுக் குடுப்பாங்க. மீதியைச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க” என்றாள் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு. “நீங்க யாரும் இன்னும் எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பா கடைசி நாள்லதானே ஓடுவாரு.”

எனக்கு ஒரே குழப்பம். “எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு—” என்று ஆரம்பித்தேன். அம்மா தட்டிலிருந்த மைசூர்பா ஒன்றை எடுத்து என் வாயில் முழுசாக வைத்தார். அக்கா கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. பெரிய துண்டு.

“நல்லவேளை கண்ணு” என்றார் அம்மா. “இன்னும் ஒண்ணுமே எடுக்கல. நாளைக்குத்தான் போலாம்னு இருந்தோம்.”

அப்பாவின் கண் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் போனது.

“ஏனுங்க, அடுப்புல பால் பொங்குது பாருங்க.”

அப்பா எழுந்து போனார். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

“உனக்கு எங்க?” என்று அம்மா கேட்டார்.

அக்கா காலிப் பைகளை மடித்துக்கொண்டே, “எனக்கெதுக்குங்கம்மா? அங்க பூரா யூனிஃபார்ம் சேலைதான். பழைய சுடிதாரே நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தது. அதற்குள் மயில்கழுத்துச் சுடிதார் இருந்தது. எடுத்துக் கொடுப்பதற்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. வாயில் மைசூர்பா கரைந்து முடிந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

மறுநாள் காலையில், கேக்குக்குச் சாமான் வாங்கவேண்டும் என்று அம்மா குன்னூருக்குக் கிளம்பினார். நானும் வரேன் என்றாள் அக்கா. “நீ சுடுதண்ணியில உப்பைப் போட்டுக் காலை வெச்சுட்டு உக்காரு. இவ வருவா துணைக்கு” என்று என்னை இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் அம்மாவின் மடியிலிருந்த துணிப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

“இது அக்காவோட சுடிதாருங்களே. இதை எதுக்கு டவுனுக்குக் கொண்டுபோறோம்?”

“கடையில எடுக்கத்தான்.”

“அதான் எடுத்தாச்சுங்களே?”

“சும்மா வா.”

கடைவீதியில் நடக்க இடமில்லை. ஸ்பீக்கரில் பாட்டு, டூரிஸ்ட் கூட்டம், ஒவ்வொரு கடை வாசலிலும் நட்சத்திரம். அம்மா எதையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நாங்கள் வழக்கமாக ஸ்வெட்டர் எடுக்கும் பாய் கடைக்குப் போனார். கடைக்குள் நிற்க முடியாத நெரிசல். அம்மா ஓரமாகக் காத்திருந்து, பாய் திரும்பியபோது, “ஒரு புதுக் கவர் மட்டும் குடுங்க பாய்” என்று சொல்லிப் பையிலிருந்த சுடிதாரைக் காட்டினார். “மவளுக்கு. இன்னைக்கு எடுத்த மாதிரி இருக்கணும்.”

பாய் ஏன் என்று கேட்கவில்லை. சுடிதாரை வாங்கி மேசைமேல் விரித்து, கையால் நீவி, புதிதாக மடித்தார். காலருக்கு உள்ளே பார்த்தவர், “மேட்டுப்பாளையம் கடைச் சீட்டு தொங்குதுக்கா. எடுத்திடட்டுமா?” என்றார். அம்மா திடுக்கிட்டுவிட்டார். பாய் அதை வெட்டி எறிந்துவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட கவருக்குள் சுடிதாரை வைத்துக் கொடுத்தார்.

அம்மா கிளம்பாமல் நின்றார். பிறகு, “கம்பளிச் சாக்ஸ் இருக்குங்களா? நல்லா மெத்துனு. பொம்பளப் புள்ளைக்கு” என்று கேட்டார். பாய் எடுத்துப் போட்டார். அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பாய் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாங்கள் சாக்ஸைப் பற்றி நினைக்கவே இல்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன். காதில் விழாதது போல அம்மா நடந்தார்.

அடுத்த பஸ்ஸையும் அதற்கடுத்த பஸ்ஸையும் அம்மா விட்டுவிட்டார். “உடனே போனா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். கடை கடையா ஏறி எறங்குனாப்பல இருக்கணும்” என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, டீயில் வர்க்கி பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்த துணியைக் கட்டிலுக்கு மேலே வைப்பதற்கு இவ்வளவு தூரம் பயணம் செய்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் அக்கா கவரைப் பிரித்தாள். சுடிதாரை எடுத்து விரித்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. அம்மா பின்னூசி குத்திப் பிடித்துவிட்டார். சாக்ஸையும் அவரே மாட்டிவிட்டார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா துணியின் ஓரத்தைத் திருப்பி, தையலைப் பார்த்து, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் எங்கள் அக்காவாக இல்லை, ஜவுளிக்கடைக்காரியாக இருந்தாள்.

“எவ்வளவுக்குங்கம்மா எடுத்தீங்க?”

அம்மா கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு சொன்னார்.

“ஏமாந்துட்டீங்க” என்றாள் அக்கா. “இது ஆடிச் சரக்கு. அப்ப எங்க கடையிலயே இதைப் பாதி விலைக்குக் குடுத்தோம். விக்காம நின்னதை எடுத்து இன்னைக்கு உங்க தலையில கட்டிட்டாங்க. பேரம் பேசினீங்களா?”

“கூட்டமா இருந்துச்சு.”

“அதுக்கு? நாலு கடை ஏறிப் பார்க்க வேண்டாமா? பண்டிகைக்கு மொத நாள் போனா இப்படித்தான் விப்பாங்க. சம்பாதிக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியாதா உங்களுக்கு? அடுத்த வருசம் முன்னாடியே எடுக்கணும், ஆமா.”

“சரி கண்ணு.”

“சரிங்கறீங்க, அப்புறம் மறந்துடுவீங்க.”

“மறக்க மாட்டேன்.”

ஆடியிலிருந்து அந்தத் துணியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துக் காப்பாற்றிய அம்மா, தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டார். அப்பா மறுபடியும் பால் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சர்ச்சுக்கு அக்கா வாங்கித்தந்த துணிகளில் நாங்களும், அம்மா வாங்கித்தந்த துணியில் அக்காவும் போனோம். பட்டைப் பற்றி விசாரித்தவர்களிடமெல்லாம் “மவ எடுத்துக் குடுத்தா” என்று அம்மா சொன்னார். விசாரிக்காதவர்களிடமும் சொன்னார்.

லீவு அவ்வளவுதான் என்று அக்கா அதற்கடுத்த நாளே கிளம்பினாள். எஸ்டேட் கேட்டில் அவளை பஸ் ஏற்றிவிட்டு, தேயிலைக்கு நடுவே நானும் அம்மாவும் திரும்பி நடந்தோம். அதற்கு மேலும் அடக்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

“ஏனுங்கம்மா, ஆடியிலயே பாதி விலைக்கு எடுத்ததுன்னு சொல்லியிருந்தா அவ உங்களைத் திட்டியிருக்க மாட்டால்ல?”

“திட்டட்டும் போ” என்றார் அம்மா. “நாள் பூரா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் திட்டு வாங்கிட்டு நிக்கறா. அவ திட்டறதுக்குன்னு அங்க யார் இருக்கா?”

திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் போவதில் அப்படி என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். என்னை எல்லோரும் திட்டினார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. எனக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.