மூன்றாம் மாடியில் லூர்து அக்கா

சிதம்பரம் நீதிமன்ற வளாகத்தில் நின்றிருந்தபோது, லூர்து அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் செல்வராஜ் போன் செய்தார். “சார், அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.” அன்றைய வழக்குகளை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன்.

கடலூரில் வாய்க்கால் கரைக் குடிசைவாசிகளுக்காக நான் வழக்காடியபோது அறிமுகமானவர் அக்கா. தேவனாம்பட்டினத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றார். எல்லோருக்கும் வீடு என்று மத்திய அரசு அறிவித்தபோது மிகவும் மகிழ்ந்தார். கட்டிக்கொள்ள உதவி பெற மனைப்பட்டா வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. புறம்போக்கில் பட்டா ஏது?

“வூடு இல்லாதவங்களுக்குத்தான தம்பி வூடு? மனை இருக்கணும்னா எப்பிடி?” என்று கேட்டார்.

பட்டா கேட்டு வழக்காடினோம், தோற்றோம். கரையைக் காலி செய்ய உத்தரவு வந்தது. ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். இடிக்க வரும் இயந்திரத்தின் முன் படுப்போம் என்றார்கள் இளைஞர்கள்.

அக்கா மறுத்தார். “தூக்கி ஓரமாப் போட்டுட்டு இடிப்பாங்க. அப்பறம் மாடியும் கெடைக்காது. போயிடலாம்.”

எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கட்டடத்தில் இடம் வேண்டும் என்று அதிகாரிகளிடம் விடாப்பிடியாக நின்று வாங்கினார். கீழ்த்தளத்தை முதியவர்களுக்கு விட்டுவிட்டு, மூட்டு வலியோடு மூன்றாம் மாடிக்குப் போனார்.

அங்கிருந்து நகரத்துக்குப் பஸ் இல்லை. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். அக்காவின் மீன் வியாபாரமும் நின்றது. “இந்தப் பொம்பள பேச்சக் கேட்டுத்தான் இங்க வந்து கெடக்கறோம்” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் பஸ் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். காலையில் ஒரு பஸ் விட்டார்கள்; மாலையில் திரும்பி வர இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது, “தப்புப் பண்ணிட்டனா தம்பி?” என்றார்.

“வேற வழி இல்லக்கா.”

“அது எனக்கும் தெரியுது. ஆனா சலிச்சிபோச்சு தம்பி.”

நான் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டி கீழ்த்தளத்திலேயே இருந்தது. குறுகலான படிக்கட்டில் அதைத் திருப்ப முடியாதாம். அக்காவைப் போர்வையில் வைத்து இறக்கினார்கள். அவரை ஏசியவர்களும் ஆளுக்கொரு முனை பிடித்திருந்தார்கள். “பாத்து, பாத்து, தல இடிக்கப்போவுது” என்று ஒரு பெண் கீழ்ப்படி வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்கு அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு பிடி மண் போட்டேன்.

இளைப்பாறுங்கள், அக்கா.