பரிசலில் இரண்டு சம்பந்திகள்

என் மகளுக்குக் குழந்தை பிறந்த இருபதாம் நாள், பேரனைப் பார்க்க சம்பந்தியம்மா வந்தார். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து மூன்று பஸ் மாறி உத்தமபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ராயப்பன்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஒரு கையில் குழந்தைக்கு வாங்கிய சட்டைகள், மறு கையில் ஒரு பை நிறையக் கருவாடு. இரண்டு நாளில் திரும்புவதாகத்தான் பேச்சு. ஆனால் மறுநாளே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. "கடலுக்கு யாரும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்து சும்மாதான் உக்காந்திருக்கணும். அங்கயே இருங்கம்மா" என்று மருமகன் போனில் சொன்னார்.

சம்பந்தியம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பு போன பிறகு, ஒன்பது வருடமாக அவர்தான் கொழுந்தனாரோடு வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். கடல் இறங்க முடியாத நாட்களில் அலையில் முழங்கால் அளவு நின்று தூண்டில் எறிவார். எங்கள் வீட்டில் அவருக்குக் கிடைத்த வேலை, காயாத துணிகளைத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான். மார்கழிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, சாரல் விட்டபாடில்லை.

இந்தச் சம்பந்தம் எப்படி அமைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் மதுரையில் நர்ஸாக வேலை பார்த்த இடத்தில் மருமகன் லேப்பில் இருந்தார். இருவரும் விரும்பினார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதித்தோம். என் அண்ணன் சம்மதிக்கவில்லை. மருமகன் வீட்டாரும் எங்களைப் போலவே மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும், "நம்ம பிள்ளையக் கடக்கரையில போயா குடுக்கணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் சித்தப்பா மகன் நின்றான். இரண்டு வருடம் ஆகியும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. குழந்தை பிறந்த சேதி சொல்லி அனுப்பியும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சம்பந்தியம்மாவைச் சண்முகாநதி அணைப் பக்கம் கூட்டிப் போனேன். அணை நிறைந்து கிடந்தது. மேகமலை பாதிக்கு மேல் மஞ்சில் மறைந்திருந்தது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பைபர் பரிசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"மைனி, இது யாரு போட்டு?"

நாங்கள் மதினி என்போம். அவர் மைனி என்பார். பரிசல்காரர் அப்போதுதான் வலையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். வலையில் நாலைந்து ஜிலேபி மீன்தான் இருந்தது. நான் அவரிடம் சம்பந்தியைப் பற்றிச் சொன்னேன்.

"தூண்டி போடுறதுன்னா தாராளமாப் போடுங்க. ஆனா இந்த வாரம் ஒன்னும் கெடைக்காது தாயி. தண்ணி நெறஞ்சு கெடக்கு, மீனெல்லாம் கலைஞ்சு போச்சு. குளிரு வேற" என்றார் அவர்.

"கெடைக்கலைன்னாப் பரவாயில்லை. தண்ணியில இருந்தாப் போதும்" என்றார் சம்பந்தியம்மா.

நான் இந்த அணைக்கு இரண்டு மைல் தூரத்தில் பிறந்தவள். ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீர்மேல் உட்கார்ந்தேன். பயந்துபோய் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துடுப்பை வாங்கிய சம்பந்தியம்மா, வள்ளத்தில் போடுகிற மாதிரிப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபக்கம் இழுத்தார். மறுபக்கம் சுற்றியது.

"என்ன மைனி இது? முன்னும் இல்ல, பின்னும் இல்ல. தோசைக்கல்லுல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு!"

கரையில் நின்ற பரிசல்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துடுப்ப முன்னால குத்தி, ஒங்க பக்கமா இழுக்கணும் தாயி" என்று கத்தினார். சம்பந்தியம்மாவுக்கு வரவே இல்லை. ஒன்பது வருடமாகக் கையில் ஊறிய பழக்கம் விடவில்லை. "குடுங்க மதினி" என்று துடுப்பை நான் வாங்கினேன். முன்னால் குத்தினேன், இழுத்தேன். இரண்டு சுற்றுச் சுற்றியபின் பரிசல் நேராக நகர்ந்தது. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்து, பெட்டி தூக்கிய தோள் இது. கடலோடிக்கு வராதது எனக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் மூன்று தடவை சொன்னேன்.

அன்று மீன் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் கொடிப்பந்தலுக்குக் கீழே தோண்டி மண்புழு எடுத்துப் போனோம். அதோடு கடலைப்புண்ணாக்கை மைதாவில் பிசைந்த உருண்டைகள். நான் துடுப்புப் போட, அவர் நைலான் நரம்பை விரலில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம். இரண்டு ஜிலேபிக் குஞ்சுகள் வந்தன. இரண்டையும் அவர் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஊருக்கு வந்தவருக்கு நம் தண்ணீர் இப்படிக் கையை விரிக்கிறதே என்று.

"நேத்துக்கூட வலையில வந்துச்சு மதினி. இன்னைக்குத்தான் இப்படி" என்று சமாளித்தேன்.

"கடல்ல பத்து நாள் வெறுங்கையோட வந்துருக்கேன் மைனி. மீனு நம்ம வீட்டுக் கோழியா? கூப்பிட்டா வாறதுக்கு?"

புதன்கிழமை பரிசல் கிடைக்கவில்லை. கரையில் நின்று எறிந்தார். அதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொன்னேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈயக்குண்டு கட்டிய நரம்பைத் தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்றி விட்டார் பாருங்கள், அது விசிலடித்துக்கொண்டு போய் நடு அணையில் விழுந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். "ஆத்தாடி, யாரு இவுக?" என்று ஒரு பெண் கேட்டாள். "என் மகளோட மாமியா" என்றேன். அந்தச் சொல்லை அதற்குமுன் அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. இரண்டு வருடமாக யாராவது கேட்டால், "ராம்நாட்டுப் பக்கம்" என்று முடித்துக்கொள்வேன். அதற்குமேல் அவர்கள் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைப்பேன். அப்படி நினைத்ததற்காக அன்று கரையில் நின்றபடி எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

தூண்டில் தண்ணீருக்குள் கிடந்த கருவேல முள்ளில் மாட்டி அறுந்துபோனது. வியாழன் முழுக்க மழை. சம்பந்தியம்மா வீட்டிலேயே இருந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. நடு அணைவரை போனோம். அன்றைக்குத்தான் கொஞ்சம் அதிர்ஷ்டம்: ஒரு முழக் கெளுத்தி ஒன்று, கையகல ஜிலேபி மூன்று. அவர் ஐந்தாவது தடவை இரை கோத்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து காற்று இறங்கியது. தண்ணீரில் சின்னச் சின்ன அலை எழும்பியது. நான் குத்திக் குத்தி இழுக்கிறேன், பரிசல் எதிர்த்திசையில் போகிறது. கரையின் கல் பாவிய சரிவுப் பக்கம் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. கல்லில் மோதினால் பரிசல் புரண்டுவிடும்.

"பயப்படாதீங்க மைனி. துடுப்ப விடாதீங்க. மெதுவா" என்றார். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பரிசலில் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போது கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. தென்னந்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணன். யாரோ தத்தளிக்கிறார்கள் என்று நிறுத்தியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே! கயித்தப் பிடிங்க!" என்று சம்பந்தியம்மா கத்தினார். கரையில் நிற்பது என் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. சுற்றி ஒரு வீச்சு. கயிறு பறந்துபோய் என் அண்ணனின் தோளிலேயே விழுந்தது. அவர் செருப்பை உதறிவிட்டுச் சரிவில் இறங்கி, வேட்டி நனைய இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தார். பரிசல் கல்லில் மோதாமல் மெல்ல வந்து ஒதுங்கியது.

"ஏத்தா, ஒனக்கு நீச்சத் தெரியுமா?" என்றார். இரண்டு வருடம் கழித்து அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியாதுண்ணே."

"பெறகு எந்தத் தைரியத்துல அங்கன போன?"

"மதினிக்குத் தெரியும்" என்றேன். "என் சம்பந்தி. புயல் நேரத்துல கடல்ல வள்ளத்த திருப்பிக் கொண்டாந்தவுக. அவுக இருக்கையில எனக்கென்ன பயம்?"

அண்ணன் அவரைப் பார்த்தார். சம்பந்தியம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நல்லா இழுத்தீங்கண்ணே. எங்க கரையில இருந்தா ஒங்கள வீட்டுக்கே விடமாட்டாங்க. கரைவலை இழுக்கப் பிடிச்சு வச்சுக்கிருவாங்க" என்றார்.

அண்ணன் பரிசலில் இருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த நாலு மீனுக்கா இம்புட்டுப் பாடு?" என்றவர் சட்டென்று சிரித்துவிட்டார். சம்பந்தியம்மாவும் சிரித்தார். நான்தான் அழுதேன்.

"மீன் கொழம்பு நாளைக்கு மத்தியானம். சின்ன மீனுதான், ஆனா வரணும்" என்று சம்பந்தியம்மாவே அழைத்தார். என் வீட்டுக்கு என் அண்ணனை அவர் கூப்பிட்டார்.

சனிக்கிழமை கெளுத்தியைக் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மண்வாசம் போக அவர் குழம்பு வைத்தார். பன்னிரண்டரை மணிக்கு அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் இளநீர்க் குலை, சட்டைப் பையில் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். என் மகள் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வெகுநேரம் நின்றுகொண்டே வைத்திருந்தார். "உக்காருங்க மாமா" என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அரைஞாணைக் கட்டத் தெரியாமல் தடுமாறியபோது சம்பந்தியம்மா வந்து முடிச்சுப் போட்டுவிட்டார். குழம்பை அண்ணன் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். ஆளுக்கு ஒரு துண்டு மீன்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சம்பந்தியம்மாவை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் நானாகவே கூட்டிப்போய், "இவுக என் சம்பந்தி. கடலுக்குப் போறவுக" என்று சொன்னேன். புயல் எச்சரிக்கை நீங்கிவிட்டதால் சாயங்காலம் அண்ணன்தான் அவரைப் பைக்கில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். சீட்டுப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தாராம்.

ஒரு வாரத்தில் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நாலே மீன். பரிசல்காரர் இப்போதும் என்னைக் கண்டால், "மீன்காரம்மா எப்ப வருவாக?" என்று கேட்பார். "சம்பந்தியம்மான்னு சொல்லுங்க" என்று திருத்துவேன். திருத்திவிட்டு, ஆசைக்கு ஒரு சுற்றுத் துடுப்பை வாங்கிப் போட்டுவிட்டு வருவேன். இப்போது காற்றடித்தாலும் பரிசல் என் பேச்சைக் கேட்கிறது.