கதவு திறக்காதவள்தான் திருடியாம்!

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான் இறங்கவில்லை. அந்தச் சூட்டில் எழுதினால் கண்டபடி எழுதிவிடுவேன் என்று ஒரு வாரம் ஆறப்போட்டேன். ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் வேலூரில் சர்வர் பராமரிக்கும் வேலை செய்கிறவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து நசீர் பாய் போன் செய்தார். வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, ஜவ்வாது மலைப் பெண்களுக்காக ஒரு சுகாதார டிரஸ்ட் நடத்துகிறார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவரையும் திட்டப் போகிறேன்.

"மேடம், நம்ம டேட்டாபேஸ்ல யாரோ பூந்துட்டாங்க. ஆளு யாருன்னும் தெரிஞ்சி போச்சி. நீங்க வந்து ஒரு பார்வை பாத்து கையெழுத்து போட்டுட்டீங்கன்னா போலீஸ்ல குடுத்துட்லாம்."

ஆள் தெரிந்துவிட்டதாம். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம்!

நடந்தது இதுதான். மலையில் ஒரு வீட்டுக்கு மருந்து விற்கிறவன் எவனோ போன் செய்திருக்கிறான். "உங்க கருத்தடை ஊசிக்குத் தேதி வந்துடுச்சே, எங்க மாத்திரைக்கு மாறிக்கறீங்களா?" போனை எடுத்தது மாமியார். மருமகள் ஊசி போட்டுக்கொள்வது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான் — வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி, விவரங்களை ‘டேப்’ என்கிற கையடக்க கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற டிரஸ்ட் ஊழியர் அலமேலு. அதே மாதிரி இன்னும் சில வீடுகளுக்கும் போன். அப்புறம் என்ன... அலமேலு விற்றுவிட்டாள் என்று மலை முழுக்கப் பேச்சு.

சாஃப்ட்வேர் செய்துகொடுத்த சென்னை கம்பெனி உடனே ஒரு ரிப்போர்ட் அனுப்பியது. கலர் கலராக கிராஃப். தவறான பாஸ்வேர்டு போட்டதால் சர்வர் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய லாகின் முயற்சிகள் எல்லாம் சிவப்பில். அந்தச் சிவப்பு மொத்தமும் அலமேலு பெயரில்! தினமும் சாயங்காலம், மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கிற ஒரு வளைவிலிருந்து.

பாய் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய்க் கூட்டம் கூட்டி, விவரங்களை எடுத்தது அலமேலுதான், அவளை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை.

நான் ஒடுகத்தூர் டிரஸ்ட் ஆபீசுக்குப் போய் ரிப்போர்ட்டைப் படித்தேன். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, இது உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் கணக்கு! கதவு திறக்காமல் திரும்பியவரையா திருடர் என்பீர்கள்? கதவைத் திறந்து உள்ளே போனவர்கள் கணக்கு எங்கே?

வீடியோ காலில் கம்பெனிக்காரரைக் கேட்டேன்.

"சக்சஸ்ஃபுல் லாகின்ல என்ன மேடம் பாக்கறது? அதெல்லாம் நார்மல் ஆக்டிவிட்டி" என்றார். அதோடு விட்டாரா? "மலையில இருக்கறவங்க டேட்டாவை வெளியாள் எடுத்து என்ன மேடம் பண்ணப் போறான்? உள்ளாளாத்தான் இருக்கும்."

மலையில் இருப்பவர்களின் ரகசியம் என்றால் அவ்வளவு இளப்பம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன். அவர் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலமேலு ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விளக்கம் கேட்க வரச் சொல்லியிருந்தார்களாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாஸ்வேர்டை மாத்தினியாம்மா?"

"மாத்தனேன் மேடம். எல்லாரும் மாத்துங்கன்னு குரூப்ல போட்டாங்களே."

"மத்தவங்க?"

"அவங்க யாரும் மாத்தல. இன்னாத்துக்கு வம்புன்னு வுட்டுட்டாங்க. சொல்றாங்களேன்னு நான்தான் மாத்தனேன். அதுலருந்து டேப்ல எதுவுமே ஏற மாட்டேங்குது. குரூப்ல கேட்டேன், கட்டைவிரல் பொம்மை போட்டாங்க. அப்பால நானே காலைல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாத்தையும் மறுபடி அடிச்சி ஏத்திக்கினு இருந்தேன்."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். டேப்புக்குள் இருக்கும் ஆப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மலைமேல் சிக்னல் இல்லை. சாயங்காலம் இறங்கும்போது அந்த வளைவில் சிக்னல் கிடைத்ததும், ஏறாமல் தேங்கிய பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் பழைய பாஸ்வேர்டோடு அதுவாகவே போய்க் கதவைத் தட்டுகிறது.

சொன்னால் பாய் நம்பவில்லை. சரி, கண்ணாலேயே பாருங்கள் என்று அவரை சர்வர் ஸ்கிரீன் முன்னால் உட்காரவைத்தேன். பீரோவில் பூட்டி வைத்திருந்த டேப்பை வாங்கிக்கொண்டு அலமேலுவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மேலே ஒரு ஊரில் வண்டியை நிறுத்தி டேப்பை ஆன் செய்தோம். எதிர்வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண், அலமேலுவைப் பார்த்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"போன மாசம் வரைக்கும் அந்த வூட்ல கூழு குடிச்சிட்டுத்தான் கெளம்புவேன் மேடம்" என்றாள் அலமேலு. "வேலைதான் போச்சி, களை வெட்டவாவது போவேன். இவங்க மூஞ்சிய திருப்பிக்கினா நான் எங்க போறது? இதே மலைலதானே இருந்தாவணும்?"

டேப்பை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

இறங்கினோம். வளைவு வந்ததும் என் போன் அடித்தது. பாய்தான்.

"மேடம்! வருது மேடம்... செவப்பு செவப்பா கொட்டுது! அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?"

"வண்டி ஓட்டுது பாய். ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கு. டேப் என் பைக்குள்ள இருக்கு."



அப்படியானால் உள்ளே போனது யார்? அதைத் தேட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. 'நார்மல் ஆக்டிவிட்டி' என்றாரே, அதற்குள்ளேயே இருந்தது. கம்பெனியின் சொந்த சப்போர்ட் அக்கவுண்டில், எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவன் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் நுழைந்து, மொத்தத்தையும் வாரிக்கொண்டு போயிருக்கிறான். தடுமாறுவானேன்? பாஸ்வேர்டு என்ன தெரியுமா? சாஃப்ட்வேரின் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. அவர்களுடைய எல்லா வாடிக்கையாளருக்கும் அதேதான்! சர்வரையும் உலகமே வந்து தட்டும்படி திறந்து போட்டிருந்தார்கள். வசதிக்காகவாம். அங்கிருந்து விலைக்குக் கைமாறித்தான் அந்த மருந்து விற்கிறவனிடம் வந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொன்னதைக் கேட்டு பாஸ்வேர்டை மாற்றியவள் பெயர் சிவப்பில். கேட்காதவர்கள் எல்லாம் சுத்தம். திருடிக்கொண்டு போனவன் நார்மல்! நம் ஆபீஸ்களில் பாதி இப்படித்தானே நடக்கிறது? வேலை செய்கிறவர் பெயரில்தான் தப்பு விழும். சும்மா இருப்பவர் ஃபைல் பளிச்சென்று இருக்கும்.

பாய் அலமேலுவை ரூமுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "மனசுல வெச்சிக்காதம்மா. நாளைலருந்து வேலைக்கு வந்துடு" என்றார். நிஜமாகவே வருந்தினார். நான் மறுக்கவில்லை.

அலமேலு நாற்காலியில் உட்காரவில்லை. "நான் எடுத்தேன்னு ஊர் முன்னாடி சொன்னீங்க பாய். எடுக்கலன்றத மட்டும் ஏன் ரூமுக்குள்ள சொல்றீங்க?"

எனக்குக் கைதட்டத் தோன்றியது. பழி போடுவதற்குக் கூட்டம் கூட்டுகிற நாம், மன்னிப்பு என்று வந்தால் மட்டும் ஏன் கதவைத் தேடுகிறோம்?

மறுநாள் பாய் மலையேறினார். நானும் போனேன். அத்தனை பெண்களுக்கும் நடுவில் நின்று, "இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. தப்பு எங்களுது. விசாரிக்காம பேசிட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். புளி உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் நகர்ந்து, "வா, இப்டி உக்காரு" என்று அலமேலுவுக்கு இடம் விட்டாள்.

போனை எடுத்த அந்த மாமியாரும் வந்திருந்தார். எழுந்து நின்றார்.

"சரிங்க பாய். இவ எடுக்கல. எடுத்தவன் யாரு? எங்க வூட்டுப் பொண்ணுங்க விசயம் இப்ப யார் கைல கீது?"

பாய் என்னைப் பார்த்தார். தெரியாது, போனதைத் திருப்பி வாங்கவும் முடியாது என்ற உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது அந்த மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனிக்காரரையும் அன்றைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தேன்.

"அங்கெல்லாம் நெட்வொர்க் இருக்காதே மேடம்" என்றார்.