விறகு மெஷின் கடித்த விரல்

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம், தொண்டாமுத்தூர் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு ஓரமாக இருக்கும் தகர ஷெட்.

அம்மா கை முறுக்கு சுற்றி ஆர்.எஸ்.புரத்துப் பலகாரக் கடைகளுக்குப் போடுகிறார். விறகு அடுப்புதான். கேஸ் அடுப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு அவர்களுக்கு முறுக்கு கிடையாது. விறகு பிளப்பது அப்பாவின் வேலை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்ததும், இனி கோடாலியைத் தொடவே கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லி அனுப்பினார். அப்பாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். தையல் பிரித்துக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, ஷெட்டுக்குப் பின்னால் டொக் டொக் என்று சத்தம்.

அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் நான் மெஷின் கட்ட ஆரம்பித்தேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். முடித்த கையோடு வேலைக்குப் போகாமல் வீட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஐ டோன்ட் கேர்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு பொக்லைன் வண்டியின் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிடித்தேன். நீளமான இரும்பு உத்தரத்தின் ஒரு முனையில் அது. மறுமுனையில் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டிச் செய்த ஆப்பு. நடுவில் கட்டையை வைத்து லீவரைத் தள்ளினால், எண்ணெய் அழுத்தத்தில் சிலிண்டர் தண்டு வெளியே வந்து கட்டையை ஆப்பின் மேல் தள்ளும். கட்டை இரண்டாகும். அவ்வளவுதான் விஷயம். எல்லாம் நானே செய்தது. எண்ணெய் போகிற ஹோஸ் மட்டும் சிலிண்டரோடு ஓசியில் வந்த பழசு. ரப்பர் அங்கங்கே வெடித்திருந்தது. 'தாங்கும்' என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

முதல் கட்டையாக, அப்பாவின் கோடாலிக்கே மசியாத ஒரு வாகைக் கட்டையை வைத்தேன். மோட்டார் உறுமியது. தண்டு மெதுவாக நகர்ந்தது. படார்! அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இது வெறகு பொளக்கறதா, இல்ல கோட்டைச் செவத்தப் பொளக்கறதா? பீரங்கியாட்டம் இருக்குதே!" என்றார் அப்பா.

"நூத்தம்பது பார் பிரஷருங்கப்பா! கார் டயர்ல எத்தனை இருக்கும்கறீங்க? ரெண்டு! வெறும் ரெண்டு!"

"பாரு கெடக்குது. வெறகு காஞ்சிருக்கோணும், அதைப் பாரு அம்மணி," என்று சொல்லிவிட்டு அம்மா மாவு பிசையப் போய்விட்டார். ஆனால் போகிற போக்கில் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

காலை முழுக்க நூற்றைம்பது பார், நூற்றைம்பது பார் என்று அப்பாவிடமும் தேங்காய் போட வந்தவரிடமும் பீற்றிக்கொண்டே பிளந்தேன். மதியத்துக்கு முன்னால் தண்டின் வேகம் குறைந்தது. ஹோஸ் மேல் லேசாக எண்ணெய் மினுமினுப்பு. எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது ஆள்காட்டி விரலை ஹோஸ் மேல் வைத்து அப்படியே தடவிக்கொண்டு போனேன். நுனியில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பார்த்தால் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தினேன். ஹோஸைக் கழற்றி ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு, பேரூர் வழியாகக் கணபதிக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே ஹோஸ் அளந்து முனை அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. வழியில் பசிக்கு ஒரு முட்டை பப்ஸ் வேறு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்குச் சொந்தக்காரர் ஒரு அக்கா. கொண்டைக்குள் பேனா, கழுத்தில் அளவு டேப், ஊருக்கே கேட்கும் குரல். என் ஹோஸை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது ஹோஸா, பாம்புச் சட்டையா? எந்த மகராசன் இதையெல்லாம் மெஷின்ல மாட்டுனது?"

"நாந்தானுங்க. சொந்த டிசைன்."

"அது தெரியுது," என்று சிரித்தவர், என் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என்னை அறியாமல் வலது விரலை இடது கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். கொஞ்சம் மரத்துப்போய், உப்பின மாதிரி இருந்தது.

"வெரல்ல என்ன?"

"எறும்பு கடிச்சிருச்சுங்க."

"ஹோஸத் தடவிப் பாத்தயா?"

"ஆமாங்க."

"மோட்டார் ஓடறப்பவா?"

நான் கையை இழுத்து மறைக்கப் பார்த்தேன். அந்த அக்கா விரலைத் திருப்பிப் புள்ளியைப் பார்த்தார். அடுத்த நொடி, வரிசையில் நின்றிருந்த இரண்டு கஸ்டமர்களையும் வெளியே போகச் சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டார்.

"எறும்பு இல்ல கண்ணு. எண்ணெய் உள்ள போயிருக்குது. ஏறு வண்டில."

"இதுக்கெல்லாமா அக்கா? எனக்கு வலிக்கவே இல்லீங்க. பசிதான் வலிக்குது."

"வலிக்கறப்ப லேட்டாயிருக்கும். பசிச்சாலும் திங்காதே, மயக்கம் குடுக்க வேண்டி வரும்." சொன்னதோடு என் பையிலிருந்து பப்ஸையும் எடுத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருத்தர் என் ஸ்கூட்டரில் என்னையே பின்னால் உட்கார வைத்துக் காந்திபுரம் டிராஃபிக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் என் வயசுதான் இருப்பார். விரலைப் பார்த்துவிட்டு, முள் குத்தின மாதிரி இருக்கிறது, ஒரு ஊசி போட்டு மாத்திரை தருகிறேன் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுந்தே விட்டேன். அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ஏனுங்க டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இது முள்ளு இல்லீங்க, ஹைட்ராலிக் எண்ணெய். ஊசி போட்ட மாதிரி சதைக்குள்ள பாஞ்சிருக்குது. கை டாக்டர் ஒருத்தரு பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லட்டும், நான் உங்க கால்ல உழுந்துட்டுப் போறேன்."

அந்த டாக்டர் கோபப்படவில்லை. போனில் படம் எடுத்துக் கை சர்ஜனுக்கு அனுப்பினார். அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே சர்ஜன் மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்ததைப் பார்த்தபோதுதான் இது சின்ன விஷயமில்லை என்று எனக்கு முதல்முறையாக உறைத்தது.

"என்ன எண்ணெய்? எவ்வளவு பிரஷர்?" என்று கேட்டார்.

காலையிலிருந்து நான் பீற்றிக்கொண்டிருந்த அதே நம்பர். இப்போது முணுமுணுத்தேன். "நூத்தம்பது பாருங்க சார்."

அவர் நர்ஸிடம் திரும்பி ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். அந்தச் சின்னப் புள்ளி வழியாக எண்ணெய் விரலுக்குள் உள்ளங்கை வரை போயிருக்கலாம், திறந்து கழுவ வேண்டும், விரல் பிழைக்குமா என்பது திறந்த பிறகுதான் தெரியும் என்றார். சீக்கிரம் வந்ததால்தான் இவ்வளவாவது சொல்ல முடிகிறது என்றும் சொன்னார்.

அப்பா, அம்மா வருவதற்குள் என்னை உள்ளே கொண்டுபோகத் தயாராகிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்ற அக்காவிடம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முன்ன ஒருத்தரு வந்தாரு. கிரேன் ஓட்டறவரு. இதே புள்ளி. என்னமோ கடிச்சுருச்சுன்னு சொன்னாரு. நானும் சிரிச்சுட்டு, ஹோஸ அடிச்சுக் குடுத்து அனுப்பிச்சுப் போட்டேன். பொறவு ஒருநா வந்தப்ப ரெண்டு வெரலு இல்ல." சொல்லிவிட்டு என் போர்வையைச் சரி செய்தார். "போ கண்ணு. நான் இங்கயேதான் இருக்கறேன்."

கண் விழித்தபோது கை ஒரு பெரிய பொட்டலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் தெரிந்தது அம்மா முகம். முழங்கை வரை காய்ந்த முறுக்கு மாவு, கழுவக்கூட இல்லை. "இருக்குதாம்மா?" என்று கேட்டேன். "இருக்குது சாமி, இருக்குது," என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பீரங்கிய நாளைக்கே எடைக்குப் போட்டுப் போடறேன்," என்றார். மூலையில் அந்த அக்கா என் பப்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆறிப்போச்சு, வீணாக்கக் கூடாதில்ல," என்றார். எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

விரல் பிழைத்தது. ஆனால் மடங்க மறுத்தது. பிசியோதெரபிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அம்மா அதைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, தழும்பு நன்றாக ஆறின பிறகு, முறுக்கு மாவை என் முன்னால் வைத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து திருகினால்தான் கை முறுக்கு. அத்தனை வருஷம் டிமிக்கி கொடுத்த வேலை. நான் சுற்றியது முறுக்கு மாதிரியே இல்லை, நசுங்கின ஸ்பிரிங் மாதிரி இருந்தது. அம்மா அதையும் பொரித்தார். அப்பா அதையும் தின்றார்.

பீரங்கி எடைக்குப் போகவில்லை. பொங்கலுக்கு முன்னால் அக்காவே புது ஹோஸோடு எங்கள் தோப்புக்கு வந்து இறங்கினார். ஹோஸுக்கு மேலே கனமான உறை. ஓடும்போது பக்கத்தில் கை போகாதபடி தகரத் தடுப்பு. இரண்டு கையும் இரண்டு லீவரில் இருந்தால்தான் தண்டு நகரும் என்று டிசைனை நான் மாற்றினேன். லீக் பார்க்க மோட்டாரை நிறுத்து, அப்படியும் தெரியாவிட்டால் ஓடும்போது தள்ளி நின்று அட்டையை நீட்டிக் கறை விழுகிறதா பார், விரலை நீட்டாதே என்று சொல்லி அக்கா ஒரு அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இப்போது அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, ராஜா மாதிரி இரண்டு லீவரையும் பிடித்துக்கொண்டு விறகு பிளக்கிறார். கோடாலி ஷெட்டுக்குள் சும்மா சாய்ந்து கிடக்கிறது.

அக்கா கடைக்கு மாதம் ஒரு டின் முறுக்கு போகிறது, என் விரல் சுற்றியது. இன்னும் கொஞ்சம் கோணல்தான். இப்போதெல்லாம் யாராவது "ஒண்ணுமில்லீங்க, சின்னதுதான்" என்று கையை மறைத்தால் எனக்குச் சும்மா இருக்க முடிவதில்லை. அவர்கள் திட்டினாலும் பரவாயில்லை என்று அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் விடுகிறேன், ஏனென்றால் என் கையை ஒருத்தர் அப்படிப் பார்த்ததால்தான் இதை இன்றைக்குப் பத்து விரலாலும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.