இரைச்சல் இருந்தவரை

அருப்புக்கோட்டையில் என் மாமனார் வீடு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே கடை, கடைக்குப் பின்னால் பஞ்சு குடோன், மாடியில் குடும்பம். குடும்பம் என்றால் மாமனார், மாமியார், அவர்களுடைய மூன்று மகன்கள், என்னையும் சேர்த்து மூன்று மருமகள்கள், மற்ற இரண்டு மருமகள்களும் பெற்ற பிள்ளைகள். அந்த வீட்டில் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க ஒருவர் வருவார். சாத்தாமல் விட்டால் விசாரிக்காமலே வருவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் படுத்த பிறகு கிசுகிசுக்க வேண்டியதுதான். நடு மகனான என் கணவரோ தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிற ஆள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. கணவரோடு கல்லூரியில் படித்தவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிவப்பு நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மெத்தை ஏற்ற இடம் தேடினார். மாமியார் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க முடியாமல் போய், கடையிலிருந்து இரண்டு பேர் வந்து கை கொடுத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் நானும் வருகிறேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அடிக்கடி மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை வீட்டுக் காரில் போவோம். பின் சீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். மாமியார் தன் தங்கையைப் பார்க்க வருவார், ஓரகத்தி சேலை எடுக்க வருவாள். ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருகிற வழியில் சேலைக்கு நிறம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். சிவப்புக் கார் வந்ததும் அதெல்லாம் நின்றது.

ஆனால் அந்தக் காருக்குள்ளும் பேச முடியாது. அப்படி ஒரு இரைச்சல். பழைய சொந்தக்காரர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வண்டி உறும வேண்டும் என்று அகலமான வெறும் குழாயைப் பூட்டி வைத்திருந்தார். அது உறுமவும் செய்தது. நாலுவழிச் சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் அந்த உறுமல் ஒரே சீரான ரீங்காரமாக மாறி மண்டைக்குள் வந்து உட்காரும். அதற்குமேல் டயர் சத்தம். அகலமான, கல்லு மாதிரி விறைப்பான டயர். ரோட்டின் ஜல்லி ஒவ்வொன்றும் தகரத்தில் கொட்டுகிற மாதிரிக் கேட்கும்.

எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது. நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம், மானாவாரிக் காடு வைத்திருக்கும் வீட்டில். அங்கே இந்தப் புஞ்சையில் நின்று அடுத்த புஞ்சையில் களையெடுப்பவளோடு பேசுவோம். தொண்டையைத் திறந்தால்தான் பேச்சு. கல்யாணமாகிக் கடை வீட்டுக்கு வந்ததும், கீழே யாவாரம் நடக்குது, மெல்லப் பேசு என்று சொல்லிச் சொல்லி என் குரலை அரைக் குரலாக்கிவிட்டார்கள். கார் பாளையம்பட்டியைத் தாண்டி வேகம் எடுத்ததும் நான் வாயைத் திறப்பேன். முன்னால் ரோட்டைப் பார்த்தபடி, மனதில் உள்ளதை எல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். அவருக்கு ஒரு சொல்கூட எட்டாது.

முதலில் சில்லறை விஷயங்கள்தான். மாமியாரின் ரசம், மாமனார் தொண்டையைக் காறும் விதம், ஓரகத்தியின் பெருமை. நாள் போகப் போக ஒரே விஷயத்தில் வந்து நின்றது. எனக்கு இந்த வைத்தியம் போதும், இனி ஊசி வேண்டாம், ஒவ்வொரு தடவையும் நம்பி நம்பி ஏமாற என்னால் ஆகாது, பிள்ளை இல்லாமலே இருந்துகொள்கிறேன். இதைக் கணவரிடம் நேராகச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அவருக்கு அந்த ஆசை பெரிது என்று நினைத்திருந்தேன். காரியாபட்டியில் டீக்கு வேகம் குறைக்கும்போது வாயை மூடிக்கொள்வேன். கிளம்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். மதுரை வரும்போது மனசு லேசாகியிருக்கும், அந்த லேசில் இன்னொரு ஊசியைப் போட்டுக்கொள்வேன். ஆக, அந்தச் சத்தம்தான் எனக்கு இருந்த ஒரே அறை.

அதைத்தான் அவர் எடுக்கத் தொடங்கினார்.

உனக்குத் தொந்தரவாக இருக்குமே என்றார். இல்லவே இல்லை என்றேன். பெண்டாட்டி பொறுமைசாலி என்று எடுத்துக்கொண்டு இன்னும் தீவிரமாக இறங்கினார். முதல் யோசனை மெத்தைக் கடைக்காரருக்கே தோன்றக்கூடியது. கதவுகளின் உள்பலகையைக் கழற்றி, தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் இலவம்பஞ்சைத் திணித்தார். எங்கள் கடைத்தெருவில் மழையை நம்பி யாரும் எதையும் செய்வதில்லை, மழைக்குப் பயந்தும் செய்வதில்லை. அந்த வாரம் பார்த்து ஒரு மழை பெய்தது. கார்க் கதவுக்குள் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியேறுவது வழக்கமாம். பஞ்சு அதை வெளியேற விடவில்லை. கதவு இரண்டும் கனத்துப் போய், நாலு நாளில் ஈரக் கோணியின் வாடை வந்தது. அவர் பஞ்சைப் பிடுங்கி மொட்டைமாடியில் காயப் போட்டார். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, கடைப் பெயரைக் கெடுக்காமல் உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

பிறகு முறையாகக் கற்றுக்கொண்டார். கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடோன் வாசலில் காரை நிறுத்தி, சீட்டு, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றினார். தரைத் தகரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். டங் என்று கேட்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி போடுவார். குறி போட்ட இடங்களில், ஒரு பக்கம் பசையும் மறு பக்கம் ஈயத்தாளும் உள்ள தடித்த ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினார். அதை அழுத்தித் தேய்த்தால்தான் தகரத்தோடு பிடிக்கும். உருளை ஒன்று வேண்டுமென்று மாடிக்கு வந்து பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூரிக்கட்டை காரைத் தேய்க்கவா வாங்கியது என்று மாமியார் அன்று முழுவதும் என்னிடம் கேட்டார். கார் என்னுடையது என்ற நினைப்பு அவருக்கு.

ஷீட்டுக்கு மேலே ஸ்பாஞ்ச், அதற்கு மேலே கனமான ரப்பர் விரிப்பு. கதவு விளிம்பில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார்ப்பார். நோட்டு சுலபமாக வந்தால் அங்கே கதவோர ரப்பர் பீடிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் புது பீடிங் போட்டார். எஞ்சினிலிருந்து வயர் உள்ளே வரும் ஓட்டைகளைக்கூட விடவில்லை, ரப்பர் வளையம் வைத்து அடைத்தார். ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாக என் வாயை அடைப்பதை நான் மாடியில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக்குப் போகும்போது அவருடைய போனை என் கையில் கொடுப்பார். சத்தத்தை அளக்கும் செயலி அதில் இருந்தது. அவர் வேகமுள்ளைத் தொட்டுக் காட்டும்போதெல்லாம் நான் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, வண்டி நின்றதும் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் திருப்தியாகி வேலையை நிறுத்திவிடுவார் என்று கணக்குப் போட்டு, தெரிந்ததைவிடக் குறைத்தே சொன்னேன். அவர் பூரித்துப் போனார். ஷீட்டு இவ்வளவு வேலை செய்கிறதா என்று பின்பக்கத்துக்கும் வாங்கி ஒட்டிவிட்டார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்து டயர் மாறியது. மெத்தென்ற, கோடுகள் நெருக்கமான டயர். ஜல்லிச் சத்தம் பாதியாகிவிட்டது. இனி எனக்கென்று மிஞ்சியது அந்த ரீங்காரம் மட்டும்தான். அது எந்த ஷீட்டுக்கும் அடங்கவில்லை. ஷீட்டு தகரத்தின் அதிர்வைத்தான் பிடிக்கும், இந்தத் தாழ்ந்த முழக்கம் குழாயிலேயே பிறந்து வண்டி முழுவதும் பரவி வருகிறது, அதைப் பிறக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று அவர் எனக்கு விளக்கினார். நான் மிகவும் வருத்தப்படுவதுபோல் தலையாட்டினேன். அந்த வெறும் குழாயின்மேல் எனக்கு ஏற்பட்ட பாசத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

கடைசியில் அதுவும் போனது. கம்பெனி சைலன்சர் மாதிரியே ஒன்றைத் தேடி வரவழைத்தார். குழாயைத் தொங்கவிடும் ரப்பர்கள் வெடித்து, குழாய் அடித்தகரத்தில் முட்டிக்கொண்டிருந்ததாம். அதையும் மாற்றினார். வேலை முடிந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வந்ததே யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மதுரைப் பயணம் அந்த வாரமே இருந்தது. காலையில் கிளம்பினோம். கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. என் வளையல் சத்தம் எனக்கே கேட்டது. அவர் முகத்தில் பரீட்சையில் தேறிய சந்தோஷம். காரியாபட்டியில் டீ குடித்துவிட்டுத் திரும்ப ஏறினோம். வேகம் எடுத்தது. வருஷக்கணக்கான பழக்கம், வாய் தன்னால் திறந்துகொண்டது.

எனக்குப் போதும் என்றேன்.

"என்ன போதும்?" என்று கேட்டார்.

சீட்டு சாய்ந்தது போதும், ஏசி போதும் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அன்று என்னவோ எனக்குப் பொய் சொல்லச் சலிப்பாக இருந்தது.

"ஊசி போதுங்க. ஆஸ்பத்திரி போதும். நமக்குப் பிள்ள இல்லாட்டி இல்லாமலே இருந்துக்குவோம்."

அவர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, லாரிகள் மட்டும் கடந்து போய்க்கொண்டிருந்தன. எத்தனை நாளாக இப்படி நினைக்கிறாய் என்று கேட்டார். நினைக்கவில்லை, சொல்லிக்கொண்டேதான் வருகிறேன், இதே ரோட்டில், ஒவ்வொரு தடவையும், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சாமி கும்பிட்டுட்டு வாரேன்னுல்ல நெனச்சேன்."

உதடு அசைவதை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பாளையம்பட்டி தாண்டியதும் தொடங்கி மதுரை வரை விடாமல் பிள்ளை வரம் கேட்கிறாள் என்று முடிவு செய்திருக்கிறார். அதைப் போய் மாமியாரிடமும் சொல்லியிருக்கிறார். இவ்வளவு வேண்டுதலுக்கு நடுவில் இந்த இரைச்சல் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றுதான் பஞ்சிலிருந்து சைலன்சர் வரை எல்லாமே.

பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் போன வருசமே போதும்னு ஆயிருச்சு. நீ இம்புட்டு வேண்டிக்கிட்டு வாரப்ப, நான் எப்படி வேணாம்னு சொல்ல?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். போன வருஷத்திலிருந்து இன்றுவரை நான் போட்டுக்கொண்ட அத்தனை ஊசியும், வயிறு வீங்கிக் கிடந்த அத்தனை நாளும், இரண்டு பேருக்குமே வேண்டாத ஒன்றுக்காக. திருச்சுழிப் புஞ்சையில் பேசுகிற குரலில் அவரைத் திட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று திட்டினேன். அவரும் விடவில்லை, நீ சத்தமாகச் சொல்லியிருக்கலாமே என்றார், சொன்னது சத்தமாகத்தான் என்றேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் முழுக் குரலில் போட்ட முதல் சண்டை அது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் சமாதானத்துக்கு வரவில்லை.

சண்டைக்கு நடுவில் அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. இனிமே நாங்க வரலை" என்றார்.

போனை வைத்துவிட்டு, ரோட்டின் நடுத்திட்டில் இடைவெளி வருகிற இடம் வரை ஓட்டிப் போய்க் காரைத் திருப்பினார்.